முழுசாக வெளியே வந்த மாத்திரை

பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். எதைக் கண்டாலும் திருப்பிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அந்தப் பழக்கம் கழிப்பறை வரைக்கும் வந்துவிட்டதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிரஷருக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் காலையில் குனிந்து பார்த்தால், விழுங்கிய மாத்திரை முழுசாக வெளியே கிடந்தது! கரையவே இல்லை, டூப்ளிகேட் சரக்கு என்று முடிவு கட்டினேன். அன்றைய மாத்திரையை நுணுக்கி, மோரில் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்குக் கண் இருட்டி, அடுக்கி வைத்திருந்த டீசர்ட் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

கூட வேலை செய்கிறவர்கள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, தாறுமாறாக இறங்கியிருந்த பிரஷர் மதியத்துக்குள் சரியானது. நடந்ததை நான் சொன்னதும், அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இதுல பிளாஸ்டிக் மாதிரி ரெண்டு பாலிமர் கலந்திருக்குதுங்க. ஒண்ணு தண்ணி பட்டா ஊறி, மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமா விடும். இன்னொண்ணு கரையாம வெறுங்கூடு மாதிரி நிக்கும். நீங்க பார்த்தது காலிக் கூடுங்க. நுணுக்குனதால நாள் பூரா வர வேண்டிய மருந்து ஒரேயடியா எறங்கிருச்சு."

"காட்டன் துணில இழுபடற லைக்ரா நூல் கலக்கறாப்பலைங்களா?"

"அதேதானுங்க. கலவை தெரிஞ்ச ஆளே இப்படி நுணுக்கலாங்களா?"

படுத்தபடியே நானும் சிரித்தேன். எத்தனை பேருடைய நல்ல சரக்கைப் புரியாமலேயே குறை சொல்லி ஒதுக்கியிருப்பேனோ என்று அப்போதுதான் தோன்றியது. இப்போது மாத்திரையை முழுசாக விழுங்குகிறேன். உடம்பும் மனசும் நன்றாகவே இருக்கின்றன. நான் பார்க்காமலே பாஸ் போடும் ஒரே சரக்கு அதுதான்.