மூன்று ரவுட்டர்களுக்கு நான் வைத்த பெயர்கள்

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், துணிக்கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமைகளில் அந்த நெட்வேர்க்கிங் வகுப்பு நடந்தது. சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த காலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் ஒருவன்தான் அங்கே, மற்றவர்களெல்லாம் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். முடித்தவர்கள். சேர்ட்டிபிக்கற் எடுத்துக்கொண்டு வந்தால் கம்பியூட்டர் பக்கத்தை உன்னிடம் விடுகிறேன் என்று, நான் வேலை செய்த கொமியுனிக்கேஷன் கடை முதலாளி சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருகிறவர்களுக்குக் டெலிபோன் கூண்டுக் கதவு திறந்துவிடுவதுதான் என் வேலை.

கம்பியூட்டர்களுக்கிடையே செய்திக்கு வழிகாட்டும் பெட்டிதான் ரவுட்டர், ஆனால் உண்மையான ரவுட்டரை எங்கள் கையில் தரவில்லை. எல்லாம் திரையில்தான். ரவுட்டர் படங்களை இழுத்து வைத்துக் கோட்டால் இணைத்து, வழியை எழுதிக் கொடுத்தால், சின்னக் கடித உறையொன்று கோட்டின்மேல் ஊர்ந்து போகும். போய்த் திரும்பி வந்தால் சரி. எங்காவது மாட்டினால் உறையின்மேல் பிழையென்று சிவப்புப் புள்ளடி விழும்.

எங்களுக்குப் படிப்பித்த சிங்களச் சேர், தன் மூன்று ரவுட்டர்களுக்குக் காலி, களுத்துறை, கொழும்பு என்று ஊர்ப் பெயர் வைத்துச் செய்து காட்டினார். நீங்களும் விரும்பிய பெயரை வையுங்கள் என்றார்.

நான் யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று வைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பாடமே விளங்கியது. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு எங்கே இருக்கிறதென்று தெரியத் தேவையில்லை. நடுவில் இருக்கும் வவுனியாவிடம் கொடுத்தால் போதும். கொழும்பிலிருந்து திரும்பி வருவதற்கும் தனியாக வழி எழுத வேண்டும், ஆமியிடம் போக ஒரு பாஸ், வர ஒரு பாஸ் எடுப்பதைப் போல. உறை போனது. வந்தது. வகுப்பிலேயே முதலில் எனக்குத்தான் வந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்தவள் ஒரு வங்கியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை. எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள்.

"ஐயோ அண்ணா, பாதை திறந்திட்டீங்களோ? அங்க ஒரு லொறி போகேலாமக் கிடக்கு, உங்கட கடிதம் பறக்குது!"

"எனக்கும் ஒரு சீற் போடுங்கோ அண்ணே, அம்மாவைப் பாக்கவேணும்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகுதான் அறைக்குப் போகிற வழி நினைவுக்கு வந்தது. அந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனை அறைக்குப் போக வேண்டும். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, இறக்கிச் சோதிப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கோடு, கோட்டின்மேல் இலக்கங்கள். இது பாடம், வேறு திட்டமில்லை என்று எப்படிச் சொல்வேன்? என் சிங்களம் கடையில் பாண் வாங்குகிற அளவுச் சிங்களம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கலாம். பழைய பெயர் உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால்? முழுவதையும் அழித்தேன். கம்பியூட்டரின் குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை பரீட்சை, அந்த ஃபைலைத்தான் சேரிடம் காட்ட வேண்டியிருந்தது. அவர் பின்னால் நிற்க, முதலிலிருந்து செய்தேன். இந்த முறை பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் வைத்தேன். எதற்குப் பிறகு எது என்று தலைக்குள் கலங்கிவிட்டது. உறை போனது. திரும்பி வரும்போது மூன்றாவதில் புள்ளடி விழுந்தது. வருகிற வழியை எழுத மறந்திருந்தேன்.

"போன வாரம் செய்ய இல்லையா?" என்று சேர் தன் தமிழில் கேட்டார்.

நான் வாய் திறக்கமுதல் பக்கத்துக் கதிரைப் பிள்ளை சொன்னாள். "செய்தவர் சேர். வடிவா வேலை செய்தது. நான் கண்டனான்."

ஓம் என்றால் ஃபைல் எங்கே என்று கேட்பார். அழித்துவிட்டேன் என்றால் ஏன் என்பார். பிறகு அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டி வரும்.

"இல்லை சேர்" என்றேன். "தங்கச்சி ஆரையோ மாறிச் சொல்லுறா. நான் அண்டைக்கு ஒண்டும் செய்யேல்ல."

சேர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். இது பரீட்சை, பக்கத்தில் இருப்பவருக்காகப் பொய் சொல்லக்கூடாது என்று, கோபமில்லாமல், ஆங்கிலத்தில் சொன்னார். அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது. என்னை அடுத்த குழுவோடு திரும்ப முதலிலிருந்து படிக்கச் சொன்னார்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது அவள் படியில் நின்றாள்.

"ஏனண்ணா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பயம், தங்கச்சி. அந்த ஊர்ப் பேருகள்..."

"எனக்கும்தான் பயம்" என்றாள். "பயந்து பயந்துதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறன். இப்ப சேருக்கு நான் பொய்க்காரி. மேலதான் நிக்கிறார். ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோவன்."

மேலே அவர் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தும் சத்தம் கேட்டது.

"பஸ் போயிடும்" என்றேன்.

பகல் இரண்டு மணி. காலி வீதியில் நான் ஏற வேண்டிய கோட்டைப் பக்கப் பஸ்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். நான் இறங்கிப் போனேன்.