வள்ளிக்குக் கட்டிய சிவப்புத் துணி

யுத்தத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தேன். சொந்த ஊர் பட்டணத்துப் பக்கம் நூம்பல். நான் கடலில் இருந்தபோது என் நாலு வயது மகள் வள்ளி அம்மை போட்டு இறந்துபோனாள். ஊருக்குத் திரும்பியபோது என் மனைவி பொன்னி அவள் பேரையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அடுத்த பயணத்தில் கப்பல் ஜப்பானில் நின்றது. எங்களுக்குக் கோயில்களைச் சுற்றிக்காட்ட ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் எனக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். மர வாசல், பெரிய மணி என்று வேகமாகக் காட்டிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அங்கே மொட்டைத் தலையோடு சின்னச் சின்னக் கல் சிலைகள். எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்புத் துணி.

“செத்துப்போன குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சாமி. பெற்றவர்கள் துணி கட்டுவார்கள்,” என்றாள். ஒரு சிலையைத் தொட்டு, “இது என் மகனுக்கு நான் கட்டியது.”

“எனக்கும் ஒரு மகள்,” என்றேன். அத்தனை நாள் வராத அழுகை வந்தது. அவள் ஒரு சிவப்புத் துணி வாங்கிவந்து கொடுத்தாள். வள்ளியின் பேரைச் சொல்லி ஒரு சிலைக்குக் கட்டினேன்.

ஊருக்கு வந்ததும் பொன்னியிடம் எல்லாம் சொன்னேன். அவள், “அங்க ரொம்ப குளுருமாய்யா?” என்று கேட்டாள்.

“குளிரும்.”

“நீ கட்ன துணி கெட்டியாத்தானே கீது?”

மெல்லிய துணிதான். ஆனாலும் ஆமாம் என்றேன். அன்றுதான் பொன்னி என் எதிரில் வாய்விட்டு அழுதாள்.

துக்கம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வள்ளியின் பேரைச் சொல்கிறோம்.