எல்லாமே முளைத்துவிட்டது

ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பைன் விதை. மூணாறு குளிரில் விளைந்த அதைத் திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் வைத்து முளைக்கச் செய்ய வேண்டும். ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியில் ஊறிய விதைகள், ஊறாதவற்றைவிடச் சீக்கிரமாக, ஒன்றுபோல முளைக்கும் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் முறை விதை பரப்பிய எல்லாத் தட்டிலும் பூஞ்சை பஞ்சுபோலப் படர்ந்தது. அடுத்த முறை விதைகளை ஹைட்ரஜன் பெராக்சைடில் கழுவினேன். பூஞ்சை வரவில்லை, முளையும் வரவில்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே கரு பழுப்பாகச் செத்துக் கிடந்தது. கரைசல் கடுமையாகிவிட்டது. அன்றைக்குக் கரமனை பஸ்ஸில் நின்றபடியே அழுதேன்.

மூன்றாம் முறை கரைசலை நீர்க்க வைத்தேன். சில நாள் கழித்து ஒரு காலையில் ஆய்வக அலமாரியைத் திறந்தால், தட்டு தட்டாக வெள்ளை வேர்கள். ஒவ்வொரு தட்டாக எடுத்து எண்ணினேன். வெறும் தண்ணீரில் ஊறவைத்த தட்டைக் கடைசியில்தான் எடுத்தேன். அதிலும் அதே மாதிரி, கொஞ்சமும் குறையாமல் முளைத்திருந்தது.

என் ஆய்வு வழிகாட்டி மலையாளி. என்னிடம் தமிழ் கலந்து பேசுவார். தட்டுகளை மாறி மாறிப் பார்த்தார்.

"பச்சைத்தண்ணியிலயே இவ்வளவு முளைக்குதல்லே? பின்ன மருந்து எதுக்கா? இது ரிசல்ட் இல்ல மோளே."

"விதை நல்ல விதை மேடம். அதான்..."

"அதுதான் பிரச்னை. பழைய விதை வேணும், கேட்டோ."

வீட்டில் நான் முகம் கொடுத்துப் பேசாததைப் பார்த்துக் கணவர் கேட்டார்: "இன்னிக்கும் முளைக்கலையா?"

"எல்லாமே முளைச்சுடுத்து."

"அப்போ என்னத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே?"

"எல்லாமே முளைச்சதுதான் சங்கடம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சாப்பாட்டுத் தட்டை விட்டெறியலாம்போல இருந்தது.

பிறகு வனத்துறைக் கிடங்குக்கு அலைந்து, வருஷக்கணக்கில் கிடந்த பழைய விதையை வாங்கி வந்தேன். தண்ணீரில் ஊறியவை பெரும்பாலும் அழுகின. அமிலத்தில் ஊறியவற்றில் கிட்டத்தட்டப் பாதி முளைத்தன. அவையும் மெலிந்து, தலை சாய்ந்து நின்றன. வழிகாட்டி கை கொடுத்துப் பாராட்டினார். பட்டமும் அதை வைத்துத்தான் கிடைத்தது. திடமாக வேர்விட்ட அந்த மூன்றாம் முறை நாற்றுகளை நான்தான் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.