சாவி குலுங்கியதும் விழுந்த எலிகள்

போன அமாவாசையன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டேன். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு முண்டியடித்த கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பையன் வலிப்பு வந்து விழுந்தான். “சாவி குடு, சாவி குடு!” என்று நாலா பக்கமும் கத்தல். நான் தள்ளிய ஆள் தன் பைக் சாவியை அவன் கையில் திணித்துக்கொண்டிருந்தார். “இரும்பு குடுத்தா நின்னுடும்மா, இதுகூடத் தெரியாதா ஒனக்கு?” என்று கீழே உட்கார்ந்தபடியே சண்டைக்கு வந்தார். நான் பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவனாகவே எழுந்து செருப்பைத் தேடினான். எனக்குத்தான் பஸ் ஏற மனசு வரவில்லை.

அப்படியே கடைத்தெரு வரை நடந்தேன். நைனாவின் அரிசிக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கோணி, தவிடு, எலி மூத்திரம் மூன்றும் கலந்த வாடையில் வளர்ந்தவள் நான். அதிலிருந்து தப்பிக்கத்தான் விழுந்து விழுந்து படித்தேன். வெளியூரில் ஆய்வுக்கூட வேலை கிடைத்து, முதல் நாள் கதவைத் திறந்தால் அதே எலி வாடை குப்பென்று அடித்தது.

அவை வலிப்பு எலிகள். மூன்று வாரக் குட்டிகளின் பக்கத்தில் சாவிக்கொத்தைக் குலுக்கினால் அந்தச் சத்தமே போதும். வெறி பிடித்தாற்போல் கூண்டைச் சுற்றி ஓடி, விழுந்து, கால் விறைத்து, பாதி அங்கேயே செத்துவிடும். பிழைத்ததை நான் கழுத்தை முறித்துக் கொன்று, மரபணு பார்க்க வாலை வெட்டி எடுப்பேன். டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து கொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. என் தம்பி குமாருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எலியில் காரணம் பிடிபட்டால் அவனுக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நம்பினேன்.

காரணமான மரபணு எங்கே இருக்கிறது என்று தேடும் விதத்தைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். தாய் வழி வந்த குரோமோசோமும் தகப்பன் வழி வந்ததும் கருமுட்டை உருவாகும்போது அருகருகே படுத்து, வெட்டுப்பட்டு, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எந்தத் துண்டோடு வலிப்பும் சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து இடத்தைச் சுருக்க வேண்டும். ஆனால் வெட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. சில இடத்தில் சும்மா சும்மா விழும். நாங்கள் தேடிய பகுதியிலோ தலைகீழாக நின்றாலும் விழவில்லை. எலிகள் செத்துக்கொண்டே இருந்தன, வரைபடம் நகரவில்லை. பெற்றோர் எலிகளை மாற்றினால் வெட்டு விழும் இடமும் மாறலாம் என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்திய எங்கள் மேடம். “உங்க ஊர்ல சுண்டெலி கிடைக்குமா?”

கிடைக்குமாவா! குமார் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வெறும் கையால் பிடித்துக் கொடுத்தான். வெளி எலியை ஆய்வுக்கூடத்துக்குள் விட்டால் நோய் பரவும் என்பதால், எங்கள் கடையின் பின்பக்கக் குடோனிலேயே அதற்கு வலிப்பு எலியை ஜோடி சேர்த்தோம். பிறந்த பெண் எலிகளை மறுபடி வலிப்பு எலியோடு சேர்த்தோம். தீனி, தண்ணீர் எல்லாம் குமார்தான். “இன்னாக்கா, இதுங்களுக்கும் என்னிய மாரி வருமா?” என்று கேட்டான். சிலதுக்கு வரும் என்றேன். “பாவம்க்கா,” என்றான்.

பேரக்குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆனபோது நான் ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை சாவி குலுக்குவதாக இருந்தேன். அன்று மத்தியானமே குமார் கூண்டுகளின் முன்னால் விழுந்தான். நைனா இடுப்பிலிருந்த கடைச் சாவிக்கொத்தை உருவி ஓடிவந்து அவன் கையில் வைத்து அழுத்தினார். வலிப்பில் அந்தக் கை வெட்டி வெட்டி இழுத்தது. சாவிகள் குலுங்கின. கூண்டுக்குள் பாதிக் குட்டிகள் சுழன்று ஓடி, ஒவ்வொன்றாக விழுந்து விறைத்தன. தம்பியின் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது, நாக்கைக் கடித்திருந்தான்.

நைனா கூண்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “இந்தச் சனியனுங்ககிட்டேர்ந்துதான் என் புள்ளைக்கு வருது!” என்று மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். கம்பி நசுங்கியது, விழாமல் நின்ற குட்டிகளும் நசுங்கின. அவருடைய கையைப் பிடித்தேன். என்னை உதறிய வேகத்தில் கொக்கி என் தோளைக் கிழித்தது. அடித்து ஓய்ந்து மூட்டைமேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் ஒரு கையால் தோளைப் பொத்திக்கொண்டு, எது வலிப்பில் செத்தது எது அடியில் செத்தது என்று பிரித்து வால்களை வெட்டி ஐஸில் போட்டேன். குமார் கண் விழித்ததும், “எலிங்களுக்குத் தீனி வெச்சியாக்கா?” என்றான்.

அந்த வால்களில் ஒன்றில் குரோமோசோம் வெட்டு விழுந்திருந்தது, நாங்கள் தவம் கிடந்த அதே பகுதியில். மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு போய் மரபணுவையும் கண்டுபிடித்தோம். அதற்குள் குமார் இல்லை. குளத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்திருக்கிறது. கரையில் நின்றவர்கள் அவனைத் தூக்குவதற்கு முன்னால் சாவி தேடி ஓடினார்களாம். இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இப்போது யாரும் இப்படி ஜோடி சேர்த்து, குலுக்கி, கொன்று தேடுவது அபூர்வம். ஒரு சொட்டு ரத்தம் இருந்தால் மரபணு முழுவதையும் இயந்திரம் படித்துவிடுகிறது. அவனுடைய ஒரு முடி இருந்தால்கூட, தம்பிக்கு என்னதான் இருந்தது என்று நானே தேடிப் பார்த்துவிடுவேன். நைனா அடித்துக் கொன்ற எலிகளின் வால்கள்கூட எங்கள் ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. தம்பியை எரித்தோம், சாம்பலைக் கரைத்தோம், காரியம் முடிந்த அன்று அவனுடைய சட்டை, சீப்பு எல்லாவற்றையும் ஆற்றோடு விட்டுவிட்டு வந்தோம்.