அக்னி வெயிலில் தார்ப்பாய் கேட்டவன்

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான்தான். இந்தச் சித்திரையில் வெயில் இப்படிக் கொளுத்தும், எள்ளுக்காய் நாளுக்கு முன்னாலேயே வாயைப் பிளக்கும், அறுவடை பார்த்து மழை வந்து நிற்கும்... தை மாசமே ஸ்ரீரங்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். சந்தேகம் இருந்தால் டீ மாஸ்டரைக் கேளுங்கள். படித்தது எட்டாவது, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் வானத்தைப் படிப்பதில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவன்.

வெயில் என்றாலே எனக்கு ஒரு நெடி மூக்கில் ஏறும். பாலக்கரையில் காதர் பாயின் தார்ப்பாய்க் கடையில் வேலைக்கு நின்ற காலம்... மத்தியானத்தில் சுருள் சுருளாகச் சூடேறிக் கிடக்கும் தார்ப்பாயின் நெடி. அது வந்தால் கூடவே எள் வாசனையும் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

அக்காவை லால்குடி பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அந்த வருஷம் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து கட்டிலில் கிடந்தார். சம்பா அறுத்த வயல் சும்மா கிடந்தது. மாமாவின் தம்பி வந்தார்.

"நீங்க எதுக்கு அண்ணி கஷ்டப்படறீங்க? வயல என்கிட்ட விடுங்க. நான் பாத்துக்கறேன்."

கை மாறினால் வயல் திரும்பி வராது என்று அக்காவுக்குத் தெரியும்.

"இந்தக் கோடைக்கு நானே எள்ளு போடறேன் தம்பி. சரியா வரலைன்னா நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஈரம் காய்வதற்குள் மாசியில் விதைத்தாள். எள்ளுக்கு வெயில் பிடிக்கும்தான். ஆனால் அந்த வருஷ வெயில் இருக்கிறதே... காக்கா பறந்தால் அதன் நிழல் கருகி விழும்! பயிர் சீக்கிரமே மஞ்சளாகி அடிக்காய் வெடிக்க ஆரம்பித்தது. விட்டால் எள்ளெல்லாம் மண்ணில். அவசரமாக அறுத்துப் போர் வைத்தாள்.

எள்ளை அறுத்த கையோடு உதற முடியாது. நுனி உள்ளே, வேர் வெளியே இருக்கும்படி கட்டுகளை அடுக்கி மூடி வைக்கவேண்டும். அந்தப் புழுக்கத்தில்தான் இலை உதிரும், மேல்காயும் முற்றும். அப்புறம்தான் பிரித்துக் காயவைத்து உதறுவது. நடுவில் போர் நனைந்தால் உள்ளேயே கறுத்து நாறிவிடும். மொத்தமும் போச்சு.

சேதி வந்ததும் நான் பாயிடம் போய் நின்றேன்.

"பாய், பெரிய தார்ப்பாய் ஒண்ணு வேணும். அக்கா ஊருக்கு."

"அக்னி நட்சத்திரத்துல தார்ப்பாயா? வெயில்ல மூளை உருகிடுச்சாடா?"

"மழை வரும் பாய்."

"யாரு சொன்னா?"

"என் மூக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் இருந்ததிலேயே பெரியதை அவரே சுருட்டித் தந்தார். "அக்காவுக்கு என் சலாம் சொல்லு. கிழிச்சுட்டு வந்தே, உன் தோலை உரிச்சு ஒட்டுப் போட்டுருவேன்."

பஸ் பாலம் ஏறும்போது பார்த்தேன்... கொள்ளிடத்தில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் போய் இறங்கும்போது மாமாவின் தம்பி தன் வயல் எள்ளைப் பிரித்துக் காயப் போட்டுவிட்டு, அக்காவையும் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "பொட்டு மேகம் கிடையாது அண்ணி. மூடி வெச்சா வெந்துடும்."

"பிரிக்காதக்கா, மழை வருது" என்றேன்.

"என்ன மாப்ள, தார்ப்பாய் விக்கறவருக்கு எள்ளு விவசாயமும் தெரியுமோ?"

அக்கா என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிரிக்கவில்லை.

சாயங்காலம் மேற்கே கறுத்தது. தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டி முடிப்பதற்குள் சூறைக்காற்று. தார்ப்பாய் உப்பி, என்னை அரைப் பனை உயரத்துக்குத் தூக்கிவிட்டது! நான் யோசிக்கவே இல்லை. போர் மேல் பாய்ந்து, கைகாலை விரித்துத் தார்ப்பாயோடு அமுக்கிக் குப்புறப் படுத்துவிட்டேன். முதுகில் ஆலங்கட்டி, தேங்காய் சைஸ். வயிற்றுக்குக் கீழே போரின் சூடு, மேலே நடுக்கும் மழை, தலைக்கு நேராக இடி... மழை விடும்வரை இறங்கவில்லை.

அக்காவின் போருக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்புறம் வெயில் வந்து, பிரித்து உதறியபோது எள் கொட்டிய சத்தம் இருக்கிறதே... சலசலவென்று, அதுவும் ஒரு மழைதான். மாமாவின் தம்பி காயப் போட்டிருந்ததெல்லாம் வாய்க்காலோடு போயிருந்தது. பாவம், அவர் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா தன் எள்ளில் அவருக்கு விதைக்கு எடுத்துக் கொடுத்தாள். வயல் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

இப்போது வயலில் நின்றே செல்போனில் மழை பார்க்கிறார்கள். என் மூக்கை யார் கேட்கிறார்கள்? போன் மழை என்கிறது, வெயில் அடிக்கிறது. வெயில் என்கிறது, கொட்டுகிறது. அன்றைக்குச் சித்திரை மழை எப்போதாவது வந்து பயமுறுத்தும்... இப்போது வருஷா வருஷம் வந்து நிற்கிறது. பாய் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன்தான் விற்கிறார்கள். அக்கா இந்த வருஷமும் எள் போர் வைத்திருக்கிறாள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று போர் மேல் படுத்தது நான் இல்லை... அக்கா. நான் கீழே ஒரு மூலைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, "இறங்குக்கா, இடி விழுது" என்று கத்திக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"மேல படுத்தது நீன்னு சொல்லிடுடா. இடியில நான் ஏறினேன்னு தெரிஞ்சா உங்க மாமா பயந்துபோய், வயல தம்பிகிட்டயே குடுத்துடுவாரு."

சொன்னேன். சொல்லச் சொல்ல ஆலங்கட்டியும் பெரிசாகிவிட்டது. நான் போகும்போதெல்லாம் மாமா என் முதுகைத் தடவி, "இந்த முதுகுதாண்டா நம்ம வயல காப்பாத்துச்சு" என்பார். அக்கா குனிந்தபடி எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

மாமா இப்போது இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.