ஓரம் தூக்கிய கண்

என் மருமகள் முகம் செய்கிறவள். நோயிலோ விபத்திலோ மூக்கு, காது, கண்குழி என்று போனவர்களுக்கு, ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கோனில் அந்த இடத்தைச் செய்து பொருத்துவாள். நிறம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. டியூப்லைட்டில் தோலோடு ஒத்துப்போனது வெயிலில் பிணம் மாதிரி வெளுத்துத் தெரியும். அதனால் ஆளை வாசலில் உட்காரவைத்துத்தான் சாயம் கலப்பாள். ரத்த ஓட்டம் தெரிய, சிவப்பு நூலைத் தூளாக நறுக்கிச் சேர்ப்பாள்.

அவள் வேலை செய்யும்போது பேத்தி என் மடியில்தான். குழந்தை கொட்டாவி விட்டால்கூட நான் ஊரைக் கூட்டிவிடுவேன்.

அன்றைக்கு என் தம்பி வந்தான். லாரி டிரைவர். புற்றுநோய் என்று இடது கண்ணை இமையோடு எடுத்துவிட்டார்கள். இமையும் புருவமுமாக மருமகள் செய்து கொடுத்த கண்ணைத்தான் பசை போட்டு ஒட்டிக்கொள்கிறான்.

"என்னம்மா பசை குடுத்த? மூக்குப் பக்கம் ஓரம் தூக்குது. டீக்கடையில என் மூஞ்சிய விட்டுட்டு அந்த இடுக்கையே பாக்குறானுங்க."

"வேர்வையா இருக்கும் சின்ன மாமா. உக்காருங்க."

துடைத்து, புதுப் பசை தடவி அழுத்தினாள். கையை எடுத்ததும் அதே ஓரம் மெல்ல எழும்பியது.

"அதுவும் என்னைய மாதிரிதான், சொன்ன பேச்சு கேக்காது" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. முன்பு அவன் முகத்தில் அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் முகத்தை அலமாரியிலிருந்து இறக்கி, அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மயிரிழை நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தது.

கண் மாறவில்லை; அவன் குழிதான் மாறியிருக்கிறது. மடியிலிருந்த குழந்தையை இறுக்கிவிட்டேன் போல, சிணுங்கியது.

மருமகள் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லவே இல்ல. பின்பக்கம் லேசா சீவி விடேன், உக்காந்துக்கும்."

கத்தியை எடுத்தாள். தம்பி முகம் தெளிந்தது. கத்தி ஓரத்தில் பட்டு, அப்படியே நின்றது.

"சீவினா உக்காரும் சின்ன மாமா. அதான் பயமா இருக்கு."

"ஏன்?"

"உள்ள சதை வளந்திருக்கு. நான் இடம் விட்டா இன்னும் வளரும். வெளிய ஒண்ணுமே தெரியாது."

"இன்னொரு தடவ ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன்னு சொன்னேன்ல! அண்ணே, அவகிட்ட நீ சொல்லு."

நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "கிளம்புடா ஆஸ்பத்திரிக்கு. நானும் வர்றேன்."

"அப்ப அந்தக் கண்ணைக் குடு. வெறும் குழியோட தெருவுல எப்படிப் போறது?"

அவள் கொடுக்கவில்லை. வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பின்னால் சுற்றிக் கட்டினாள். முடிச்சுப் போட்டதும், கண்ணைப் பிளாஸ்டர் முகத்திலேயே பொருத்தி அலமாரியில் ஏற்றினாள். அவன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து செருப்பைத் தேடினான்.