இருமாத பதினைந்து நிமிடம்

ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் தெருவில் காலையில் கால்மணி நேரம் மட்டும் விசைத்தறிகள் நிற்கும். திருப்பதி ரேடியோவில் டாக்டர் பேசுகிற நேரம் அது. தறிச் சத்தம் ஓய்ந்ததும் காது மெல்லத் திறக்கும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதந்துகொண்டே இருக்கும். அந்தத் தெலுங்குக் குரல் தூசிக்குள்ளிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

டாக்டரோடு தினம் ஒரு விருந்தாளி வருவார். ஒருநாள் பங்காருபாளையத்து மாந்தோப்புக்காரர், இன்னொரு நாள் அலிபிரியில் பூ விற்கும் அம்மா. என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, அப்போது மாதக்கணக்காக இருமல். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பிடிவாதத்தில் நான் மட்டும் குறைச்சலா? தறிக்காரர்களின் இருமலைப் பற்றி டாக்டரிடம் கேட்க ஆசை என்று நைனா பேரில் ரேடியோவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள்.

ரேடியோ என்றதும் நைனா மறுக்கவில்லை. சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். விடிகாலை முதல் பஸ்ஸில், பக்கத்து வீட்டில் டேப் பண்ணச் சொல்லியிருக்கிறேன், குவைத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாம் என்று சந்தோஷத்தில் உளறிவிட்டேன். தம்பி அங்கே டிரைவர் வேலைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நைனா பனியில் பாதி மறைந்திருந்த மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த ஒலிபரப்பு அறை இன்னும் என் கனவில் வருகிறது. சுவரெல்லாம் துளைபோட்ட பலகை. உள்ளே நைனாவும் டாக்டரும் தண்ணீருக்கடியில் இருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. தறிக்காரப் பிள்ளைகளுக்கு அது ஒரு குறையே இல்லை. இரைச்சலில் வளர்ந்த நாங்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம்.

டாக்டர் இருமலைப் பற்றிக் கேட்டார். நைனாவின் உதடு சொன்னது: "நாக்கேம் லேது சார்."

அவருக்கு ஒன்றுமே இல்லையாம். டாக்டர் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். சிரித்த முகத்தோடு அதே பதில்தான். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. பதினைந்து நிமிடமும் அவர் இருமவே இல்லை.

சிவப்பு விளக்கு அணைந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினார், அப்படி இருமினார். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வெளியே வந்ததும் ஏன் இப்படிப் பச்சைப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன் தம்பி அங்க தனியா கீறான்மா. இதைக் கேட்டா சோறு துன்னுவானா?"

கேசட் குவைத்துக்குப் போனது. எக்ஸ்ரே சீட்டு சலவைச் சட்டைப் பையிலேயே கிடந்தது. நான் கத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து கேசட் வந்தது. வேலை சுகம், சாப்பாடு சுகம், முதலாளி தங்கமானவர், எனக்கு ஒரு குறையும் இல்லை, நைனா ரேடியோவில் நன்றாகப் பேசினார் என்றெல்லாம் சொல்லியிருந்தான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேசட்டில் பார்க்க உதடு கிடையாது, குரல் மட்டும்தான்.

"இவன் நல்லா இல்லம்மா," என்றார். "என்ன மாரியே அடக்கிக்கினு பேசறான்."

தம்பிக்குக் கடிதம் எழுதப் பேப்பர் எடுக்கச் சொன்னார். எனக்கு இருமல் இருக்கிறது, அன்றைக்கு மறைத்துத்தான் பேசினேன், நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"நான் சொன்னாத்தான் அவனும் சொல்லுவான்," என்றார்.

நான் விலாசம் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, கொடியில் தொங்கிய சலவைச் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.